தாமோதரன் பெயரை எடுத்துவிட்டார்கள்

பழவேற்காடு
16-3-1985

அன்பு மகள் உம்மு ஹானிக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் வாப்பாவும் நானும் தம்பி உமரும் குறையில்லாமல் இருக்கிறோம், டெல்லியில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடத் தாமதம் என்று கோபிக்காதே, என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். உமருக்கு மறுபடி காதில் சீழ், பொன்னேரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். வாப்பா கடைக்கூரையை மாற்றினார். நீ இருட்டும்வரை ஆபீசில் உட்காராதே, பஸ்ஸில் பெண்கள் நிற்கிற பக்கமாக நில். உன்னைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு பி.ஏ. பரீட்சைக்குப் படித்தவள் நான், அன்றிலிருந்து பயப்படுவதே எனக்கு வேலை.

பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில் உன் அறிக்கையைப் பாராட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிற கவர்மெண்ட் திட்டத்தில், கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு ஊர்ப் பெரியவர் செத்தான் என்று எழுதிக் கொடுத்தாலே போதும் என்ற வரி நீ சொல்லிச் சேர்த்தது என்று பெருமையாக முன்பே எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் நான் என் பள்ளிக்கூடம் இருக்கிற குப்பத்துக்கு எடுத்துப் போனேன், நீ சொன்னபடி தேவகியிடம் பேசினேன். அவள் புருஷன் தாமோதரன் முந்தின வருஷப் புயலில் போனவன், உடல் ஒதுங்கவில்லை. உடல் ஒதுங்காதவனை அந்த ஊரில் செத்தவன் என்று சொல்வதில்லை, அவளும் பொட்டும் வளையலுமாகத்தான் இருந்தாள். பாவம், ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்று நீயும் நானும் பேசிக்கொண்டோம். அவள் ஏமாறவில்லை ஹானி. ஏரியில் இறால் வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை வைத்து இடம் விடுகிறார்களே, பாடு என்று, அது ஆண்பிள்ளை பெயரில்தான் இருக்கும். ஊர் அவனைச் செத்தவன் என்று சொல்லாதவரை தாமோதரன் பெயரும் அதில் இருந்தது, அவன் முறை வரும்போது தேவகியின் தம்பி வலை கட்டி, வந்ததில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். டவுனில் பிறந்த நமக்கு இது எங்கே தெரியும். அவளும் சொல்லவில்லை, கவர்மெண்ட் பணம் வேறு, பாடு வேறு என்று நினைத்துவிட்டாள்.

ஊர்ப் பெரியவர் ஆதிநாராயணன் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். போட்ட வாரமே பெண்கள் வந்து தேவகியைக் கரைக்கு இழுத்துப் போய் வளையலை உடைத்தார்கள், ஊரே செத்தான்னு எழுதிக் குடுத்தாச்சி, இனி இன்னாத்துக்குடி பொட்டுனு கேட்டார்களாம். அவள் பெண் கோவிந்தம்மா, என்னிடம் நாலாவது படிக்கிறவள், எங்கம்மாவ ஏன் அடிக்கிறீங்கனு கத்தியிருக்கிறாள். இப்போது குழாயடியில் குடத்தை வைத்தால், தோ துட்டுக்குப் புருசனக் கொன்னவ வந்துட்டா, வழிய வுடுங்கடினு சிரிக்கிறார்கள். அடுத்த முறை வந்தபோது பாடு வரிசையில் தாமோதரன் பெயர் இல்லை. நானே போய் ஆதிநாராயணனிடம் கேட்டேன். இன்னா டீச்சரம்மா, செத்துட்டான்னு சீட்டு கேட்டதும் நீங்க, பாடு வுடுனு கேக்கறதும் நீங்க, உசுரோட கீறான்னு ஒங்க பொண்ணாண்ட சொல்லி டெல்லிலேந்து ஒரு சீட்டு வாங்கியாங்க, நாளைக்கே பேர சேத்துடறேன் என்றார். கூட இருந்தவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, ஒரு செத்தவனுக்கு விட்டால் எல்லாச் செத்தவனுக்கும் விட வேண்டும், அது அவர்கள் சட்டம்.

பணமாவது வருகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன், வந்ததும் உண்மைதான். அதற்குள் அந்தக் கடிதத்தில் நீ எழுதுகிறாய், இது சோதனைக்காக வைத்த திட்டம், அந்த மாதத்தோடு முடிகிறது, முடிவுகள் திருப்தியாக இருந்தன என்று. இரண்டே வரி, அதற்கடுத்து கரோல்பாக்கில் ஸ்வெட்டர் வாங்கியதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உன்னை நான் கல் மனசுக்காரியாக வளர்க்கவில்லை, அதனால்தான் அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். தேவகியிடம் நான் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை, அப்போ துட்டு நின்னாலும் அவரு செத்தது செத்ததுதானா டீச்சர்னு கேட்டாள்.

மெட்ராஸில் வீட்டு வேலைக்கென்று பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒரு ஆள் வருகிறான், தேவகி கோவிந்தம்மாவை அவனோடு அனுப்ப இருந்தாள். வேண்டாம் என்று நான் நம் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன், படிக்கவைக்கிறேன் என்று சொல்லித்தான் அழைத்துவந்தேன். முதலில் என்கூடப் பள்ளிக்கு வந்தாள். பிறகு வாப்பாவுக்குக் கடைக்குச் சோறு கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது, அப்புறம் துணி, அப்புறம் பாத்திரம், இப்போது பள்ளிக்கு நான் மட்டும்தான் போகிறேன். புண்ணியத்துக்குப் புண்ணியம், ஒத்தாசைக்கு ஒத்தாசைனு வாப்பாவுக்குச் சந்தோஷம். நான் எதிர்த்துப் பேசவில்லை, வேலை முடிந்து வந்தால் எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. மீன் நன்றாக ஆய்கிறாள், ஒரு செதில் மிச்சம் இல்லை.

பயிற்சி முடிந்து ஊருக்கு வரும்போது சர்டிபிகேட்டைப் பத்திரமாக டிரங்குப்பெட்டியில் அடியில் வை, ரயிலில் தூங்கிவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல இடத்தில் வாழ்க்கையும் தருவானாக, உன் கையால் நாலு பேர் வாழட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். டெல்லியில இருக்கிற அக்காவுக்கு எங்கப்பா செத்தது எப்டித் தெரியும்னு கோவிந்தம்மா தினமும் கேட்கிறாள். அக்காவே வந்து சொல்லுவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். யோசித்துக்கொண்டு வா.

உன் உம்மா,
மஸூதா