குளிர்ச்சி ஆகாது

தேரா, துபை
12.6.1994

அன்புள்ள உம்மாவுக்கு, மின்ஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் நலம். வாப்பா மௌத்தான பிறகு நீங்கள் அங்கே தனியாக இருக்கிறீர்களே என்ற கவலைதான்.

நாலாவது மாதமாகியும் எனக்கு வாந்தி நிற்கவில்லை. சோறு வேகும் வாடைக்கே குடலைப் பிரட்டுகிறது. வெயிலோ, பகலில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது. போன வாரம் மச்சான் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் ஜப்பான்காரர் கடைக்கு அழைத்துப் போனார். ஏதோ ஒரு தானிய மாவில் செய்த பழுப்பு நூடுல்ஸ். வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் அலசி, மூங்கில் தட்டில் தருகிறார்கள். கறுப்புச் சாற்றில் தொட்டு, சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டுமாம். நீங்கள் பார்த்தால் தலையில் குட்டுவீர்கள். சாற்றில் ஒயின் கலப்பார்கள் என்று தெரிந்ததும் மச்சான் எழுந்துவிட்டார். கடைக்காரம்மா விடவில்லை. சோயாவும் சர்க்கரையும் மட்டும் போட்டு எனக்கென்று தனியாகக் காய்ச்சித் தந்தார்.

அது வயிற்றில் தங்கியது உம்மா. "இதுதான் தங்குதுன்னா தினமும் இதையே தின்னு புள்ளே" என்கிறார் மச்சான். பசி என்றால் என்னவென்றே இப்போதுதான் மறுபடி தெரிகிறது.

உங்கள் மகள்
மின்ஹா


காயல்பட்டினம்
23.6.1994

என் கண்ணான மகள் மின்ஹாவுக்கு உம்மா ஜுலைஹா பீவி துஆவுடன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைத்தாய்ச்சி ஐஸில் போட்டதைத் தின்பாளா? குளிர்ச்சி ஆகாது மகளே. மாப்பிள்ளை ஆண்பிள்ளை, அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். நம் ஊரில் மாப்பிள்ளைமார்தான் பெண்வீட்டுக்கு வந்து போவார்கள். எந்தப் பெண் உம்மா வீட்டை விட்டுப் போனாள்? நம் தெருவில் நீதான் முதலில் பெட்டியைத் தூக்கினாய். சரி, போனது போகட்டும். ஏழாவது மாதத்துக்கு முன் வந்துவிடு. உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

நம் தெரு செய்கு முகம்மது அங்கே வருகிறார். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். தொட்டுக்கொண்டு கஞ்சி குடி. அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

உன் உம்மா


தேரா, துபை
8.7.1994

உம்மா,

செவ்வாய்க்கிழமை குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றுதான் உங்கள் கடிதம் கிடைத்தது.

முதலிலிருந்தே சரியாக வளரவில்லை, நீ செய்ததாலும் இல்லை, தின்றதாலும் இல்லை என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மச்சான் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை நிற்கவில்லை. உங்கள் மடியில் படுத்துக்கொண்டால் போதும் என்று இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

மின்ஹா


காயல்பட்டினம்
19.7.1994

மகளே,

உன் கடிதம் வந்தது. இரண்டு நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே, குளிர்ச்சி ஆகாது என்று. நாக்கு ருசிக்கு என் பேரனைக் கொடுத்துவிட்டாயே. டாக்டர் ஆயிரம் சொல்வாள், அவளா பெற்றாள்? இங்கே இருந்திருந்தால் உன்னை அந்தத் தட்டைத் தொடவிட்டிருப்பேனா? அந்த அறையைப் பூட்டிவிட்டேன். திறந்து பார்க்கத் தெம்பில்லை.

உடம்பு தேற மருந்து மாவு அனுப்புகிறேன். தவறாமல் சாப்பிடு. இனியாவது பெரியவர்கள் பேச்சைக் கேள்.

உம்மா


தேரா, துபை
6.11.1995

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில், இங்கேயே பிரசவம். இருவரும் நலம். ஹிஃப்ஸா என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஒரு வருடத்துக்கு மேலாக உங்களுக்கு வெயிலையும் விலைவாசியையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். வயிற்றில் இவள் இருந்ததைச் சொல்லவில்லை. "உம்மாவுக்கு ஒரு வரி எழுது புள்ளே, பாவம், தனியா இருக்காஹ" என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் எழுதவில்லை. இந்த முறையும் ஏதாவது ஆகியிருந்தால், அப்படி இன்னொரு கடிதத்தை உங்களிடமிருந்து என்னால் வாங்கிப் படித்திருக்க முடியாது.

கோபம் இல்லை உம்மா. பயம்தான். அது போகும்வரை ஊருக்கு வரமாட்டேன். எப்போது போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்கு என்மேல் அந்தப் பயம் வராமல் இருக்க துஆ செய்யுங்கள்.

மின்ஹா