மூன்று பெட்டி பஸ்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து வெயில். மாலையில் கருத்துக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது.

இன்று நான் சொல்லாதவை இரண்டு.

ஒன்று: "எங்க பொண்ணு பஸ்ஸெல்லாம் ஏறுனதே கெடையாதுங்க" என்று அப்பா பெருமையாகச் சொன்னபோது, தினமும் மாடம்பாக்கத்தில் பஸ் ஏறித்தான் கிழக்குத் தாம்பரம் போகிறேன் என்று.

இரண்டு: அம்மாவின் தம்பி என்ற ஒரே தகுதியில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தலைமை வகிக்கும் சேகர் மாமா, "மாப்ள ஸ்விஸ்ல டிரான்ஸ்போர்ட் இன்ஜினியர்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னபோது, அது பொய் என்று.

பொய் என்று எனக்குத் தெரிந்து அப்போது கால் மணிநேரம்கூட ஆகவில்லை. "தனியா ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க" என்று என்னையும் பெண் பார்க்க வந்தவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் டாங்க் நிழலில் நின்றோம். பெயர் நந்தகுமார். எட்டு வயதில் அங்கே போனவர். அவருடைய அப்பா சூரிச்சில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். (கீழே ஹாலில் இது "ஹோட்டல் வச்சிருந்தாங்க" ஆகியிருந்தது.) பொழிச்சலூரில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறார்கள்.

"நான் இன்ஜினியர் இல்லங்க. அங்க பஸ் ஓட்டுறேன். சொல்ல வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

நான் முதலில் செய்த காரியம் அவர் கைகளைப் பார்த்தது. நகம் சுத்தமாக இருக்கிறதா என்று. இவ்வளவு படித்து என்ன.

பிறகு, "கீழ சொல்றதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். மிக மரியாதையாகத் தன் தலையிலிருந்து இறக்கி என் தலையில் வைத்துவிட்டார்.

அப்பாவைத் தெரியாது அவருக்கு. கம்பி, சிமெண்ட், எம்-சாண்ட் கடை. இரண்டு டிப்பர் லாரி. தாத்தா விற்றது போக மிச்சமிருந்த நிலத்தை விற்று வாங்கியவை. டிரைவர் யாரும் எங்கள் வீட்டு வாசற்படி தாண்டியதில்லை. அவர்களுக்கு டீ என்றால் பேப்பர் கப், நின்றுகொண்டு, வெளியே. இன்றைக்கும் நாற்காலி இறக்க வந்த லாரி டிரைவர் ஏழுமலை அண்ணனுக்கு அப்படித்தான். உள்ளே, சோபாவில், இன்னொரு டிரைவருக்கு வெள்ளி டம்ளர்.

பஜ்ஜியில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது இந்த வீட்டில் பழக்கம்.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். ஆபீஸில் ஒன்பதாம் வகுப்பு நோட்ஸ் பிழை திருத்தம். 'பயன்கள்' என்று தலைப்பு, கீழே ஏழு தீமைகள். எழுதியவருக்கு இரண்டு பட்டம்.

வாங்க வேண்டியது: குடை, தலைவலித் தைலம், அம்மாவுக்கு ப்ளவுஸ் லைனிங்.

ந. மூன்று வீடியோ அனுப்பியிருக்கிறார். பெண் பார்த்துவிட்டுப் போனவர் அனுப்புவது, பஸ் வீடியோ. நீல-வெள்ளை வண்டி. மூன்று பெட்டி. நடுவில் இரண்டு இடத்தில் ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு. இருபத்தைந்து மீட்டர் நீளமாம். தலைக்கு மேல் இரண்டு கம்பு நீட்டி மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறது, கைப்பிடித்து நடக்கும் குழந்தைபோல. வளைவில் தலை திரும்புகிறது, வயிறு யோசிக்கிறது, வால் கடைசியில் சம்மதிக்கிறது. எங்கள் குடும்பத்தில் எந்த முடிவும் எடுக்கப்படுவது இப்படித்தான்.

எதிரே எவனும் வரவில்லை. எவனும் ஹாரன் அடிக்கவில்லை. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களுக்காக நிற்கிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் கடைச் சாவி கொடுக்க வந்த ஏழுமலை அண்ணனிடம் காட்டினேன், யாருடையது என்று சொல்லாமல்.

"இன்னா பாப்பா இது, ரயிலா பஸ்ஸா?"

பஸ்தான் என்றேன்.

"ஒயர புடிச்சிகினு போறதெல்லாம் ஒரு ஓட்டா? கேம்ப் ரோட்டாண்ட வந்து ஒரு தபா திருப்ப சொல்லு. தல சேலையூர்ல கீதும், வாலு மாடம்பாக்கத்துல கீதும்."

சிரித்தேன். உடனே எரிச்சல், ந.வை விட்டுக்கொடுத்துவிட்டதுபோல. அவர் எனக்கு யார்?

ஜூன் 12, வியாழன்

காலை பஸ்ஸில் நெரிசல். கண்டக்டர்: "உள்ள போம்மா, உள்ள போ, உள்ள கல்யாண மண்டபமே காலியா கீது." ஒரு கூடைக்காரம்மா என் காலை மிதித்துவிட்டு, என்னையே முறைத்தார். பஸ் ஏறியே இராத பெண் இப்படியாகத் தாம்பரம் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துத் தட்டு மாற்றுவதாக முடிவு. ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் முடிந்தாக வேண்டுமாம். என்னைக் கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் குக்கரை இறக்கப் போனாள்.

யோசித்தேன். இதற்கு முன் மொட்டைமாடிக்கு வந்தவர்கள்: ஒருவர், கல்யாணத்துக்கு அப்புறம் இவ்வளவு புத்தகம் எதற்கு என்று கேட்டவர். ஒருவர், என் சம்பளம் கேட்டவர். ஒருவர், முழு நேரமும் போனைப் பார்த்தவர். உண்மை பேசியவர் இவர் மட்டும்தான். அதையும் டாங்க் பின்னால் நின்று பேசினார்.

இரவு சாப்பாட்டுக்கு முன் அவருக்கு எழுதினேன்: எனக்கு டிரைவர் என்பதில் ஆட்சேபம் இல்லை. ஒளிந்து கொள்கிறவர்தான் வேண்டாம். ஞாயிறன்று தட்டு மாற்றுவதற்கு முன் அப்பாவிடம் நீங்களே, எல்லார் முன்னாலும், சொல்ல வேண்டும். சொன்னால் சம்மதம். சொல்லாவிட்டால் இல்லை.

வெகுநேரம் கழித்துப் பதில். "சொல்றேன்."

கூடவே ஒரு பஸ் படம். இந்த மனிதரை என்ன செய்வது?

ஜூன் 15, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், நாளை ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

ஹால் நிறைய ஜனம். தட்டில் வெற்றிலை, பழம், மல்லிகை, கலர் பேப்பர் சுற்றிய புடவை. சேகர் மாமா ஒவ்வொருவரிடமும் இன்ஜினியரை அறிமுகப்படுத்தினார். அந்த மூன்று பெட்டி பஸ்ஸை வடிவமைத்ததே மாப்பிள்ளைதான் என்ற அளவுக்கு வந்துவிட்டார். கீழ்க்கட்டளை அத்தை ஃப்ராங்க்குக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டு விரல் மடக்கினார்.

அப்பா தட்டைத் தொட்டபோது ந. எழுந்தார்.

"மாமா, ஒரு விஷயம். நான் இன்ஜினியர் இல்ல. பஸ் டிரைவர்."

முதலில் சிரித்தவர் சேகர் மாமா. "மாப்ளைக்குக் குசும்பு ஜாஸ்தி." உடனே ந.வின் அம்மா, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், தமாஷ் பண்ணிக்கொண்டே இருப்பான் என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. அப்பாகூட.

ந. நின்றார். பிறகு அவரும் கொஞ்சம் சிரித்தார். உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார், சொல்லிவிட்டேனே என்று. பரீட்சையில் பெயரை மட்டும் எழுதிவிட்டு மார்க் கேட்கிற முகம்.

ஒரு மனிதன் மேல் இவ்வளவு இளக்காரம் எனக்கு வந்ததில்லை. அப்பா தட்டைத் தூக்கினார்.

"தமாஷ் இல்லப்பா. பஸ்தான் ஓட்டுறார். எனக்குப் போன வாரமே தெரியும்."

என் குரல் நான் நினைத்ததைவிட அமைதியாக வந்தது. அப்பா தட்டைக் கீழே வைத்தார், கண்ணாடி வைப்பதுபோல. ந.வை மேலும் கீழும் பார்த்தார். வேலை கேட்டு வருகிற டிரைவர்களிடம் கேட்கிற அதே கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

"லைசென்ஸ் கீதா?"

வீட்டு மனிதர்களிடம் அப்பா 'கீதா' என்று பேசுவதில்லை.

"இருக்குங்க."

ந. வீட்டார் சாப்பிடாமல் போய்விட்டார்கள். அம்மா சமையலறையில். சேகர் மாமா, தன்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மீந்த சாப்பாடு கடை ஆட்களுக்கு.

என்னிடம் யாரும் பேசவில்லை. நிம்மதி. பிறகு நிம்மதி இல்லை.

ஜூன் 16, திங்கள்

தலைவலி. தைலம் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது.

மாலை திரும்பும்போது கேட்டருகே ஏழுமலை அண்ணன், நேற்றைய அண்டாக்களை ஏற்றிக்கொண்டு.

"பாப்பா, அந்த ஸ்விஸ்ஸு கடைக்கு வந்துச்சு. தனியா. பஸ்ஸு மாறி மாறி வந்துச்சாம், சட்டையெல்லாம் வேர்வ தண்ணி."

ந. கல்லாவுக்கு முன்னால் நின்றாராம். நான் பஸ் டிரைவர், உங்கள் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறேன் என்றாராம். ஜல்லிக்கு வந்த மேஸ்திரி, லோடு ஆட்கள், எல்லார் முன்னாலும். யாரும் சிரிக்கவில்லையாம். இரண்டாவது முறை சொல்லச் சொன்னாராம் அப்பா. இரண்டாவது முறையும் சொன்னாராம்.

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. குந்தவும் சொல்லல. டீ வாங்கியாரச் சொன்னாரு."

"டீ எதுல?"

"எதுலன்னா? பேப்பர் கப்புலதான். நமக்கு இன்னா வெள்ளி டம்ளரா?" நமக்கு என்றார். ந.வையும் சேர்த்து. "குடிச்சிட்டு, குப்பத்தொட்டி எங்கன்னு தேடிச்சி. கடையில ஏது தொட்டி? மடிச்சி ஜோபில வச்சிகினு போச்சு."

அறைக்கு வந்து அவருக்கு எழுதினேன்: கப் எங்கே?

"இன்னும் பையிலதான் இருக்கு. இங்க எங்க போடுறதுன்னு தெரியல."

சம்மதம் என்று அனுப்பினேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 18, புதன்

நல்ல மழை. கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

அப்பா சாப்பிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், ஃபேனைப் பார்த்துக் கேட்டார். பஸ் டிரைவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாயா? ஆமாம் என்றேன். அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"அது என்ன பஸ்ஸு, காட்டு."

காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். மூன்று பஸ்ஸைக் கோத்துவிட்டிருக்கிறார்களா என்றார். இல்லை, ஒரே பஸ், மூன்று பெட்டி, இரண்டு மூட்டு என்றேன். டீசலா? கரண்ட். வாலில் யார் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள்? யாரும் இல்லை, எல்லாம் முன்னால் இருக்கிற ஒருவர்தான்.

"மூணையும் ஒரே ஆளா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போனைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

மரியாதை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். வானத்தில் துளி மேகம் இல்லை.

மறுபடி அதே ஹால், அதே தட்டு, புது மல்லிகை. அதே ஜனம். கீழ்க்கட்டளை அத்தை, "டிரைவர்னு சொன்னாங்களே?" என்று ஆரம்பித்தார். சேகர் மாமா தயாராக இருந்தார்.

"யார் சொன்னது? மாப்ளைக்கு ஸ்விஸ்ல மூணு பஸ் ஓடுது."

"சொந்த வண்டியா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"ஆமா. மூணும் கரண்ட்ல ஓடுற வண்டி. டீசல் செலவே கெடையாது."

புதன்கிழமை அப்பாவுக்கு வந்தது மரியாதை என்று நினைத்த மடச்சி நான். அத்தை விரல் மடக்க ஆரம்பித்தார். ந.வின் அம்மா தலையை ஆட்டினார். சமையல்கார அப்பா, அதாவது ஹோட்டல் முதலாளி, தரையைப் பார்த்தார்.

ந. என்னைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. அந்த நேரம் பார்த்து டீ வந்தது. வெள்ளி டம்ளர். வாங்கிக்கொண்டார்.

ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. ஏழுமலை அண்ணன் நின்றபடி பேப்பர் கப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

ந. சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டு மாற்றினார்கள். ஆவணியில் கல்யாணம்.