கடைசி அரைமணிக்குத்தான் பாகு

ஹாலிஸ்,

கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடக் கிளம்பிவிட்டேன். பன்றித்தொடையை நேற்றே கொல்லையில் தகர டின்னில் வேகவைத்துத் தோலை உரித்தாயிற்று. கிராம்பு குத்தி ஓவனில் வைத்திருக்கிறேன். பதினொன்றரை வரை திறக்காதே. அதற்கப்புறம்தான் அன்னாசிப் பாகைப் பூச வேண்டும். முதலிலேயே பூசினால் சர்க்கரை கருகிவிடும். “எனக்குத் தெரியும், நீ போ” என்று சொல்லித்தானே போன வருஷம் கரியாக்கினாய்?

போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து உன் அக்கா ஐவி பன்னிரண்டுக்கு வருவாள். நீ வெளியே போவதானால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

கார்லீன்

பி.கு: போன வருஷம் உனக்காக, “நான்தான் கருக விட்டேன்” என்று அவளிடம் பழியை ஏற்றுக்கொண்டேன். நேற்றும் போனில், “என்னடி, இந்த வருஷமும் கரிதானா?” என்கிறாள். இனி அந்தப் பொய் என் வாயில் வராது. நன்றாக வந்தால் நீ செய்ததாகவே சொல்லிக்கொள். கருகினாலும் அப்படியே சொல்.