ஜிகினா சுரங்கத்தின் வாசலில் உன் மகள்

குமரேசா, என் உயிர்த் தோழனே,

நேற்று நம் பல்கலைக்கழகத்தின் ஆண்டு விழாவுக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு வந்து குளித்தும் அருவருப்பு போகவில்லை. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

நாம் படித்தபோது அதற்குச் சுற்றுச்சுவர்கூட ஒழுங்காகக் கிடையாது, நினைவிருக்கிறதா? பெங்களூரின் நடுவில் ஒரு பழைய கல் கட்டடம். மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் உள்ளே புகுந்து குறுக்கே நடப்பார்கள், நம் குழாயில் தண்ணீர் குடிப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்பும் நடந்தது. அங்கே தையல்காரர் மகனும் பஸ் கண்டக்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாமும் நம்பிவிட்டோம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. விடியுமுன்னே கோலார் தங்கச் சுரங்கத்து மாரிகுப்பத்தில் ஏறினாலும் ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அதிசயம். அதனால் முதல் வகுப்பில் மட்டும் பாடம் முடிந்த பிறகுதான் வருகை எடுப்பார்கள். ‘கோலார் அட்டென்டன்ஸ்’ என்று அதற்குப் பெயர். எவரும் உத்தரவு போடவில்லை, ஒருவரைப் பார்த்து அடுத்தவர் செய்தார். நீ அங்கேயே விரிவுரையாளரானபோது நீயும் அப்படித்தான் எடுத்தாய். மூச்சிரைக்க ஓடி வருகிற பிள்ளைகளிடம், "உக்காருங்கப்பா, ரயிலு இன்னா உங்க மாமனார் வூட்டுதா, நேரத்துக்கு வர்றதுக்கு?" என்று சிரிப்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு வாசலில் விரல் வைக்கிற மிஷின் வந்துவிட்டது. ஒன்பது தாண்டினால் ஆப்சென்ட். உன் மகள் யமுனா நம் ரயிலில்தான் நின்றுகொண்டே போகிறாள், இறங்கி ஓடுகிறாள். அப்படியும் வருகை குறைந்து, கடைசி செமஸ்டருக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். இந்தப் பரீட்சையை எழுதினால்தான் அவளுக்குச் சொல்லிவைத்திருக்கும் வேலை கிடைக்கும்.

அப்புறம் நடந்ததைக் கேள். விழாக்குழுப் பேராசிரியர் ஒருவர் அவளைக் கூப்பிட்டாராம். பல்கலைக்கழக வரலாறு என்று ஒரு காட்சி வைக்கிறார்களாம், சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகள் அங்கே படித்த கதையாம். அட்டையில் சுரங்க வாசல், ஜிகினா ஒட்டிய தங்கப் பாறை. நம் ஊர்ப் பிள்ளைகள் சுரங்கத் தொப்பி போட்டு, முகத்தில் கரி பூசி விருந்தாளிகளை வரவேற்க வேண்டுமாம். செய்தால் வருகைக் குறைவைச் சரிக்கட்டி விடுவாராம். தூ!

யமுனா பட்டென்று சொல்லிவிட்டாள்: "எங்க தாத்தா சுரங்கத் தூசியத் துன்னு, ரத்தமா இருமிச் செத்தாரு சார். அந்த வேஷத்த நான் கட்டமாட்டேன்."

"நடிப்புதானே, இதற்கு எதற்கு சென்டிமென்ட்?" என்றாராம் அந்தப் படித்த மனிதர்.

மற்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு தொப்பி போட்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விருந்தாளிகள் அந்தக் கரி முகங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பழைய மாணவன் என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் ஒருவர், "ஏழைகளுக்குக் கதவைத் திறந்து வைத்தது நம் பல்கலைக்கழகம்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். அப்போது, விழாவுக்கு எனக்குப் பின்னால் அடுத்த ரயிலில் கிளம்பியிருந்த யமுனா போன் செய்தாள்.

"சித்தப்பா, ரயிலு லேட்டு. கேட்ட சாத்திட்டாங்க. உள்ள வுடமாட்டேன்றாங்க. அங்க இன்னா பேசிக்கினு கீறாங்க?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். கேட்டுக்கு வெளியே உன் மகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

இனிமேல் நடக்கப் போவதையும் சொல்லிவிடுகிறேன். நம் ரயிலில் போய்ப் படித்த எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறேன். திங்கட்கிழமை துணைவேந்தர் அறைக்குப் போகிறோம். யமுனாவுக்குப் பரீட்சை இல்லையென்றால், கோலார் அட்டென்டன்ஸில் நாங்கள் வாங்கிய பட்டங்களும் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மேசையில் அடுக்கப் போகிறோம். அண்ணி உன்னுடையதைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன் குமரேசா, முதலில் உன்னுடையதைத்தான் வைப்பேன்.

உனக்குத் தம்பியும்
உன் மகளுக்குச் சித்தப்பாவுமான
செல்வம்,
மாரிகுப்பம்