வண்டிக்குச் சொல்லாத நாள்

பிரிக்பீல்ட்ஸ்,
சித்திரை, 1986

என் செல்வனே,

ஈசன் உன்னையும் உன் இல்லத்தாரையும் காத்தருள்க. தந்தி தாமதமாகக் கிடைத்ததென்று எழுதியிருந்தாய், அவ்வாறே இருக்கட்டும்.

இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் எவர் இறந்தாலும் சவ வண்டிக்குச் சொல்லி, குருக்களை அழைத்து, ஈமச் சடங்கில் சுண்ணம் இடிக்க உரல் கொணர்ந்து, யாவையும் முன்னின்று நடத்தியவர் உன் அப்பா. அவர் ஈசன் தாள் சேர்ந்த அன்று காலையில் அயலார் அனைவரும் வெள்ளை உடுத்தி வந்து, வாசலில் காத்து நின்றார்கள்.

நண்பகலில் எதிர்வீட்டு யோகநாதன் கேட்டார்: "வண்டிக்குச் சொல்லியாச்சோ?"

"அதெல்லாம் வீரசிங்கம் அங்கிள் பார்த்துக்குவாருலா," என்றார் பின்னால் நின்ற ஒருவர், பழக்கத்தில் உன் அப்பாவையே எண்ணி. சொன்னவரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதன் பிறகே ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். உரலை அவர் எங்கே வைத்திருந்தார் என்பதுகூட எவருக்கும் தெரியவில்லை. மகன் செய்யவேண்டியதை யோகநாதன் செய்தார்.

இன்றும் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் அவர்களை நொந்துகொள்ளவில்லை, மகனே. மாலைவரை வண்டி வரவில்லை. எவர் வீட்டுக் காரியத்துக்கும் போகாமல், உன் அப்பா நம் வீட்டிலேயே முழுதாக இருந்த பகல் அது ஒன்றுதான்.

நீயும் இருந்திருக்கலாம்.

உன் நலமே வேண்டும்,
அம்மா