கல்லும் கக்கூஸ் சாவியும்

நீ இல்லாத வீட்டின் அடுப்பில் பொல்பலாக் கசாயம் கொதிக்கிறது. அந்தப் பச்சிலை வாடைக்கு உன் சுளித்த முகம் ஞாபகம் வந்துவிட்டது. நம் மகளுக்காகத்தான் காய்ச்சினேன். அவளுக்கு ஏழு மாதக் கர்ப்பம். நேற்று ஸ்கேனில் சிறுநீரகத்தில் கல் என்றார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம். "டொக்டரக் கேக்காம எதையும் குடுக்காதீங்கப்பா, தண்ணிதான் குடிக்கச் சொன்னாரு" என்று தள்ளிவிட்டாள். கல் இல்லாத நான்தான் குடிக்கப்போகிறேன்.

அவள் உன் வயிற்றில் இருந்தபோது நான் பார்த்த வைத்தியம் இதைவிட மோசம். கால் வீங்குகிறது, தண்ணீரைக் குறை என்றேன். எட்டாம் வகுப்போடு நின்ற டொக்டர் நான். நீ சிரித்தாய். "நான் எங்கங்க குடிக்கிறேன்? மலையில கக்கூஸ் இல்ல. காலையில ஒரு வாய் தேத்தண்ணி, அப்புறம் அந்திக்குத்தான்." தேயிலைக் கொழுந்து பறித்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தீர்கள்.

ஆறாம் மாதம் விலாவைப் பிடித்துக்கொண்டு மலையிலேயே உட்கார்ந்துவிட்டாய். பிரசவ வலி என்று நான் குழந்தைத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு லொறியில் ஏறினேன். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி மூட்டையைப் பார்த்து, "கல்லுக்கா சட்ட தச்சீங்க?" என்றார். அந்த வலியிலும் நீ சிரித்தாய்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்டாய். "தோட்டத்துக் கணக்கப்புள்ளகிட்டச் சொல்லி மலையில ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லுங்க."

"பொம்பளைங்க சமாச்சாரம், நான் எப்பிடிப் பேசுறது?" என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை.

இப்போது மகள் மாத்தளை டவுனில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். கக்கூஸ் சாவி முதலாளியின் மேசை லாச்சியில். ஆண்கள் நிற்கிற இடத்தில் போய்க் கேட்க வெட்கப்பட்டு, பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லையாம். நேற்றுத்தான் சொன்னாள். எரிச்சலில் கத்திவிட்டேன்: "ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"நீங்க கேப்பீங்களாப்பா?"

இன்று போனேன். முதலாளியைக் கண்டதும் கட்டிக்கொள்ளச் சாரம் விலை விசாரித்து, ஒன்றை வாங்கியும்விட்டேன். அப்புறம்தான் சாவி விஷயம் வாயில் வந்தது.

"பாப்போம்" என்றார்.

"பாக்க என்ன மொதலாளி இருக்கு? சாவிய வெளிய ஆணியில மாட்டிருங்க."

துணி மடித்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் நகரவில்லை. கடைசியில் முதலாளி எழுந்து சாவியை மாட்டினார். நான் வாசலைத் தாண்டுமுன் ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. இவ்வளவுக்குப் பயந்தா உன்னை அத்தனை வருஷம் அந்த மலையில் தாகத்தோடு விட்டேன்?