பாகம் இரண்டில் இளவரசிக்குப் பெயர் வேண்டும்

10.9.2005, சனி, இரவு

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து இங்கேயே மூடி வைத்துவிடுங்கள். ஒருவருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக அம்மாவுக்கு. கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்கள் என்பதால் யாரும் புரட்ட மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. அப்பா உப்புக் குவியலுக்குக் கீற்று மூட ஆள் தேடி அலைந்துவிட்டு இப்போதுதான் சாப்பிட்டார். நான் தூங்குவதாக நினைத்துப் பேசினார்கள்.

அம்மா: "ஆவணிக்குள்ள முடிச்சிடணும். பொரட்டாசி பொறந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

அப்பா: "அவ பதினொண்ணாவதுதான படிக்கறா."

அம்மா: "படிக்கட்டும், யாரு வேணாம்னா. வெளியாளா என்ன?"

அதற்கு மேல் ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. "அவ" நான்தான். வெளியாள் இல்லாதது யார்?

தூக்கம் வரவில்லை. வேறு எதையாவது நினைக்க வேண்டும். லிஸ்ட் எழுதுகிறேன்.

லிஸ்ட் முரளி மாமா கேட்டது (இனி மு.மா.). அம்மாவின் தம்பி. பாண்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. ரூமில் இடம் இல்லை என்று தன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அதில்தான் ராஜ்ஜியம் கேம். உலக மேப் முழுக்க ராஜாக்கள், எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்து முந்நூறு நானூறு வருஷம் ஆளலாம். மு.மா. எப்போதும் போர்ச்சுகல். நான் விஜயநகரம். அடுத்த பாகத்தில் என்னென்ன வேண்டும் என்று விளையாடுகிறவர்கள் கம்பெனியின் வெப்சைட்டில் எழுதுகிறார்களாம். நான் தமிழில் எழுதித் தந்தால் மு.மா. இங்கிலீஷில் டைப் அடித்துப் போடுவார்.

பாகம் 2-ல் வேண்டியவை:

1. செஞ்சி. இப்போது நெல்லூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஒரே மாகாணம், ஒரே நிறம். செஞ்சிக் கோட்டை இல்லை. ஆலம்பரைக் கோட்டை இருக்கிற இடம் மேப்பில் கடலுக்குள் போய்விட்டது.

2. மழைக்காலம். ஐரோப்பாவில் பனி பெய்தால் சிப்பாய்கள் சாகிறார்கள். நமக்கு ஐப்பசியே கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் சேனை நகரக் கூடாது. பீரங்கி சேற்றில் புதைய வேண்டும்.

3. உப்பு வருமானம் வருஷம் முழுக்க ஒரே அளவு வருகிறது. தப்பு. ஒரு ராத்திரி மழையில் பாத்தி கரைந்துவிடும். இந்தக் கேமை எழுதினவர் உப்பளத்தைப் பார்த்ததே இல்லை.

4. கலகக்காரர்கள் எதற்குக் கலகம் செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது சும்மா முளைக்கிறார்கள், நாம் அடித்தால் போய்விடுகிறார்கள்.

அப்பா இருமுகிறார். லைட்டை அணைக்கிறேன்.


11.9.2005, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தாயிற்று. பயாலஜி படம் இரண்டு பாக்கி.

அம்மா பீரோவிலிருந்து கிளிப்பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து நிழலில் காயப்போட்டாள். "எதுக்கும்மா?" என்றேன். "சும்மாவே வெச்சிருந்தா பூச்சி அரிச்சிடும்டி." முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அது நான் பெரியவளானபோது மு.மா. வைத்த சீர். தாய்மாமன்தான் கீற்றுக் குடிசை கட்ட வேண்டும் என்று அவர் பாண்டியிலிருந்து வந்து கட்டினார். கோணலாக. தெருவில் எல்லாரும் "மாப்பிள்ளையே வந்துட்டாரு பாரு" என்று கிண்டல். மு.மா. மிச்சக் கீற்றால் என் தலையில் தட்டி "இவளையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும். அந்தக் கிண்டல் எல்லாத் தாய்மாமனுக்கும் உண்டுதானே.

இரவு.

ஃபேனை நானே அணைத்துவிட்டுப் படுத்தேன். எல்லாம் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

அம்மா: "பாண்டில ஒரு எடத்துலேர்ந்து முரளியக் கேட்டிருக்காங்க. எங்கம்மா போனதுக்கு அப்பறம் நான் வளத்த புள்ள. எவளோ வந்து இழுத்துக்கினு போவணுமா? வீட்ல மொறப்பொண்ணு இருக்கறப்போ?"

அப்பா: "பதினெட்டு ஆவணுமே."

அம்மா: "இப்ப வெத்தல பாக்கு மட்டும் மாத்திக்கலாம். பன்னெண்டாவது முடிச்சதும் தாலி. அதுக்குள்ள யாரு கணக்கு பாக்கப் போறா?"

அப்பா: "அதுக்கில்ல..."

அம்மா: "டிசம்பர்ல கடல் ஊருக்குள்ள வந்தப்போ தண்ணில ஓடி வந்து அவளத் தூக்கினது யாரு? உங்க தம்பிங்களா?"

அப்பா பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பேசாவிட்டால் சரி என்று அர்த்தம்.

வியாழக்கிழமையாம். இந்த வியாழக்கிழமை.

கை வேர்த்து எழுத்து அழிகிறது. அன்றைக்குக் கடல் வந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. அப்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்தது.

மு.மா.வைப் பிடிக்காது என்று இல்லை. அதுதான் கஷ்டம். யாரிடமாவது சொன்னால், பிடிக்கும்தானே, அப்புறம் என்ன என்பார்கள். பிடிக்கும். அவரோடு கேம் விளையாடப் பிடிக்கும். தோற்றால் அவரைத் திட்டப் பிடிக்கும். அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தாலே எழுந்து ஓடத் தோன்றுகிறது.

5. ராஜ கல்யாணம். இப்போது தூதரை அனுப்பினால் மோதிரம் படம் வருகிறது, இரண்டு நாட்டுக்கும் நட்பு ஏறுகிறது. எந்தப் பெண் போனாள் என்றே தெரியாது. இளவரசிக்குப் பெயர் வேண்டும். வயது வேண்டும். அவள் சரி என்றாளா என்று ஒரு பெட்டி வர வேண்டும். இல்லை என்றால் கல்யாணம் நடக்கக் கூடாது.

நானே எத்தனை பேரை அனுப்பியிருப்பேன். ஒரிசாவுக்கு, பீஜப்பூருக்கு. தங்கம் குறைந்தபோதெல்லாம்.


12.9.2005, திங்கள்

காலையில் புழுக்கம். கெமிஸ்ட்ரி டெஸ்ட், ஒன்றும் ஓடவில்லை.

இடைவேளையில் ரெஜினா. பக்கத்து பெஞ்ச், பக்கத்துத் தெரு. "உங்க மாமாவையே கட்டிக்கப் போறியாமே. எங்கம்மா தண்ணி புடிக்கறப்போ கேட்டுக்கினு வந்தாங்க."

நான் நோட்டைப் புரட்டினேன்.

"கொடுத்து வெச்சவடி. ஊர்ல எல்லாப் பொண்ணும் கட்டில் பீரோ எடுத்துக்கினு போவும். உனக்கு மாப்ள வீட்டுலேர்ந்து மொதல்லயே கம்ப்யூட்டர் வந்துடுச்சி."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். பாவம், டிபன் பாக்ஸில் இருந்த முட்டையை எனக்கே வைத்தாள்.

அந்தப் பேச்சுதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரூமில் இடம் இல்லை என்றது பொய்யா? எல்லாம் பேசி முடித்துத்தான் கொண்டுவந்து வைத்தாரா? எனக்குக் கேம் சொல்லிக் கொடுத்தது, நான் ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தது, லிஸ்ட் கேட்டது, எல்லாமே அதற்காகவா? அப்படி இருந்தால் இனி நான் யாரை நம்புவது?

டீச்சரிடம் சொல் என்றாள் ரெஜினா. சொன்னால் போலீஸ் வரும். அம்மாவை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். முடியாது.

இன்று கம்ப்யூட்டரைப் போடவில்லை. துணி போட்டு மூடியிருக்கிறது. இருட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

6. ஒற்றர். பக்கத்து அரண்மனையில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் வசதி. ஆனால் கேட்டவனுக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரக் கூடாது.

7. பதில் சொல்ல இப்போது இரண்டே பட்டன். ஏற்கிறேன், மறுக்கிறேன். "யோசிக்கிறேன்" என்று மூன்றாவது வேண்டும்.


13.9.2005, செவ்வாய்

காற்று. ஸ்கூல் விட்டு வந்தால் வாசலில் மு.மா. பைக். செவ்வாய் அவருக்குக் கடை லீவு என்பதே மறந்துவிட்டது.

அம்மா: "மாமாவுக்குக் காபி குடு." போன வாரம் வரைக்கும் "முரளிக்கு ஒரு காபி போடுடி".

மு.மா. கம்ப்யூட்டர் முன்னால். எப்போதும் போல. "எங்கடி லிஸ்ட்டு?" என்றார். 5-ஐ மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விடவில்லை. தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படிக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாரா என்று அதில் தெரிந்துவிடும்.

"மழைக்காலம் சூப்பர் வினோ. வெள்ளக்காரனுக்கு இதெல்லாம் தோணவே தோணாது."

"மூணாவது பட்டன் வேணாம். யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு அமுக்கிக்கினே இருப்பானுங்க. கேம் நவராது."

பிறகு 5. சத்தமாகப் படித்தார். முகம் மாறவே இல்லை.

"ஒரு ஆட்டத்துல எத்தினி கல்யாணம் நடக்குது. ஒவ்வொருத்தியையும் கேட்டுக்கினு இருந்தா சிஸ்டம் ஹேங் ஆயிடும்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா என்ன. மோதிரம் வரும், நட்பு ஏறும். அவ்ளோதான்."

"இளவரசனையும்தான் யாரும் கேக்கல" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

மு.மா. கொஞ்சம் யோசித்தார். "அட, ஆமா. அவனையும் கேக்கணும்" என்று தாளில் எழுதிக்கொண்டார். "அஞ்சு ஏ."

அடுப்படியிலிருந்து அம்மா: "என்ன, ரெண்டு பேருக்கும் அங்க அப்பிடி குசுகுசுன்னு?" குரலில் அத்தனை சந்தோஷம். அம்மா அப்படிப் பேசி நாளாகிறது. பயம் இன்னும் கூடிவிட்டது.

கிளம்பும்போது பைக்கில் உட்கார்ந்துகொண்டு மு.மா. கேட்டது: "வியாழக்கெழம என்னக்கா விசேஷம்? லீவு போடச் சொல்ற, புதுச் சட்ட வாங்கிக்கச் சொல்ற."

அம்மா: "சாமி கும்புடறோம்டா. நீ வா."

அவருக்குத் தெரியாது.

அவரையும் யாரும் கேட்கவில்லை. தான் வளர்த்த தம்பி, அவனை எதற்குக் கேட்க வேண்டும் என்று அம்மா நினைத்திருக்கிறாள். வியாழக்கிழமை புதுச் சட்டையோடு வந்து நிற்பார். தட்டு தயாராக இருக்கும். பெரியப்பா, பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அக்காவைத் தலைகுனிய வைக்க மாட்டார். சரி என்று சொல்லிவிடுவார்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். அம்மா என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். வாய் வரவில்லை. பைக் போய்விட்டது.


14.9.2005, புதன்

இரண்டு தூறல். அப்பா உப்பளத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாங்கி வந்தது: வெற்றிலை, கொட்டைப்பாக்கு, வாழைப்பழம் ஒரு சீப்பு, மஞ்சள், பூவுக்கு அட்வான்ஸ். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு ஸ்கூல் வேணாம்" என்று மட்டும்.

இனி முக்கியமானது. ஸ்கூல் விட்டதும் பஸ் ஸ்டாண்ட் பூத்திலிருந்து மு.மா. கடைக்கு போன் போட்டேன். ரெஜினா வெளியே காவல். பூத்காரர் எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்கு சாமி கும்புடல. வெத்தல பாக்கு மாத்தப் போறாங்க."

"யாருக்கு?"

"உனக்கும் எனக்கும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

"யாரு சொன்னது?"

"அம்மா அப்பாகிட்ட சொல்லிச்சி. ஞாயித்துக்கெழம."

"நீ என்ன சொன்ன?"

"என்ன யாரும் கேக்கல."

கடையில் யாரோ ரேடியோ போட்டிருந்தது மட்டும் கேட்டது. பிறகு, "கஸ்டமர் நிக்கறாங்க. வெச்சிட்றேன்."

வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. கோபமா? நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே, அதைச் சொல்லத்தானே போன் போட்டேன். அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? எனக்குச் சம்மதம், சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றுகூட நினைக்கலாம். அய்யோ. அப்படித்தான் நினைத்திருப்பார்.

ராத்திரி அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். மெதுவாக. "எந்தங்கம் கண்ணு முன்னாடியே இருக்கும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அம்மா அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாரும் படுத்தாயிற்று. அடுப்படியில் ஈரத்துணி சுற்றின வெற்றிலை வாசம் இங்கே வரை.

8. கல்யாணத்தை முறித்தால் இப்போது நாட்டின் ஸ்திரத்தன்மை ஒன்று குறைகிறது, வேறு ஒன்றும் இல்லை. போதாது. முறித்தபின் எந்த அக்கா எந்தத் தம்பியோடு எத்தனை வருஷம் பேச மாட்டாள், பொங்கலுக்கு யார் யார் வீட்டுக்கு வர மாட்டார்கள், அதையெல்லாம் முன்கூட்டியே காட்ட வேண்டும். காட்டின பிறகும் இளவரசி முறிக்கலாம் என்று இருக்க

பைக் சத்தம். எங்கள் தெருதான். நின்றுவிட்டது.

கதவைத் தட்டுகிறார்கள்.

"அக்கா. நான்தான். கதவத் தெற. வினோ முழிச்சிருக்காளா?"

அம்மா லைட்டைப் போட்டுவிட்டாள். இந்தப் பக்கம்தான் வருகிறா